பனிமலையில் விமானம் விழுந்தால்: கடலோரத்துக்காரர்களுக்கு

கடலூரிலும் புதுச்சேரியிலும் மார்கழி விடியலில் 20 டிகிரிக்கு இறங்கினாலே காதுக்குத் துண்டு கட்டுவோம். லடாக்கின் லே பக்கம் அதே மாதத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 15, 20 என்று போகும். சென்னையில் வேர்க்கிறதே என்று பருத்திச் சட்டையும் செருப்புமாக ஏறுகிறோம். ஸ்வெட்டர் செக்-இன் பெட்டியில். விமானம் பனியில் விழுந்தால் அந்தப் பெட்டி கைக்கு வராது. அதனால் கம்பளிக் குல்லா, கையுறை, ஃப்ளீஸ் மேலாடை, இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் கைப்பையிலும், லேஸ் கட்டிய ஷூ காலிலும் இருக்கட்டும். குல்லா சண்டே மார்க்கெட்டில் வாங்கியதே போதும். பருத்தி மட்டும் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும்.

உட்கார்ந்ததும் அவசர வழிக்கு எத்தனை வரிசை என்று முன்னும் பின்னும் எண்ணிவிடுங்கள். புகையில் கண் தெரியாது, சீட்டைத் தடவித்தான் போக வேண்டும். பெல்ட் வயிற்றில் வேண்டாம், இடுப்பெலும்பின் மேல் இறுக்குங்கள்.

விழுந்த பிறகு எரிபொருள் வாடை அடித்தால் காற்று வரும் திசைப்பக்கம் நூறு மீட்டர் விலகுங்கள். ரத்தம் வழியும் இடத்தைத் துணியால் விடாமல் அழுத்துங்கள். வாடை அடங்கி எஞ்சின் ஆறியதும் விமானத்துக்கே திரும்புங்கள். தேடுபவர்களுக்கு மனிதனைவிட விமானம் எளிதில் தென்படும். மோதலில் தானே இயங்கும் அபாயக் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். நம்மூர் விசைப்படகுகளின் அபாய அறிவிப்புக் கருவியின் செய்தி போய்ச் சேரும் பெங்களூர் இஸ்ரோ மையமே இதையும் வாங்குகிறது. ஆனால் மோதலில் ஆண்டெனா ஒடிந்தால் செய்தி போகாது. அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

உலோகத் தரை உயிரைக் குடிக்கும். காற்றைவிட வேகமாகச் சூட்டை உறிஞ்சுவது அதுதான். சீட் மெத்தைகளைக் கழற்றி இரண்டடுக்காகப் போட்டு, கம்பளத்தைக் கிழித்து மேலே விரியுங்கள். விமானத்தின் உடைந்த வாயைப் பெட்டிகளாலும் பனியாலும் அடைத்து, மேலும் கீழும் கையளவு ஓட்டை விடுங்கள். பனி கொட்டினால் குச்சியால் குத்தித் திறந்துவையுங்கள். 30 முதல் 45 டிகிரி சரிவுக்கு அடியில் விமானத்தின் உடல்பகுதி கிடந்தால் ஆபத்து. 1972-இல் ஆண்டிஸ் மலையில் விழுந்த உருகுவே விமானத்தில், அக்டோபர் 29 அன்று உள்ளே தூங்கியவர்கள் மேல் பனிச்சரிவு புகுந்து 8 பேர் இறந்தார்கள்.

பனியை அள்ளித் தின்னாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் தரும் அளவு பனியை உருக்கி உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 117 கிலோகலோரி செலவாகும். அலுமினியத் தகட்டைக் குழிவாக வளைத்து வெயிலில் சாய்த்து, மேலே கொஞ்சமாகப் பனி தூவினால் சொட்டுச் சொட்டாக இறங்கும், பாட்டிலில் பிடியுங்கள். அந்த ஆண்டிஸ் விபத்தில் தப்பியவர்கள் இப்படித்தான் குடித்தார்கள். பனியின் கூசலுக்கு அட்டையில் மெல்லிய கிடைக்கோடு கீறிக் கண்ணில் கட்டுங்கள்.

நாக்கு குழறி, நடை தள்ளாடி, நடுக்கம் தானாக நின்றால் நிலைமை மோசம். ஈரத்துணியைக் கழற்றி, இருவர் அணைத்துப் படுத்து, நினைவிருந்தால் மட்டும் இனிப்பு கொடுங்கள். வெளுத்து மரத்த விரலைத் தேய்க்காதீர்கள், பனி வைக்கவே கூடாது. மறுபடி உறையும் வாய்ப்பிருந்தால் சூடேற்றி இளக்க வேண்டாம். இளகி மறுபடி உறைந்த விரலைக் காப்பாற்றுவது கடினம்.

அந்த உருகுவே விமானத்தின் நிறம் வெள்ளை. மேலே பறந்தவர்கள் காணவில்லை, தேடல் எட்டு நாளில் நின்றது. 45 பேரில் 72 நாள் தாண்டியவர் 16 பேர். ஆகவே பனிமேல் கறுப்பாகத் தெரிவது எதுவோ அதைப் பரப்புங்கள். உதவி வேண்டும் என்றால் V, மருத்துவம் வேண்டும் என்றால் X. குறைந்தது இரண்டரை மீட்டர், இயன்றால் இன்னும் பெரிதாக. எஞ்சின் ஆயிலும் டயர் ரப்பரும் எரித்தால் கரும்புகை. சீட்டுக்கடியில் லைஃப் ஜாக்கெட் இருந்தால் விடாதீர்கள். அதன் மஞ்சள் நிறமும் விசிலும் கடலில் போலவே இங்கும் உதவும்.

நடந்து இறங்குவது கடைசி வழி: தேடல் நின்றது உறுதியாகி, வானம் தெளிந்து, உடலில் வலு இருந்தால் மட்டும்.

ஹெலிகாப்டர் வந்தால் ஓடிப்போகாதீர்கள். பரப்பிய துணிகளுக்கு முன்பே கல் வைத்திருங்கள், காற்றில் பறந்து விசிறியில் சிக்கும். ஹெலிகாப்டர் ஆட்கள் கையசைத்த பிறகு, சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து, விமானி பார்க்கும்படி குனிந்து போங்கள்.