தெருவுக்கு ஒரு சாயத்தோட்டம்: இரண்டு செடிகளில் தொடங்கலாம்

நிறம் தருகிற செடி எல்லாம் சாயச்செடி ஆகிவிடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முதல் வருஷம் நாங்கள் இடறியது இங்கேதான். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் இடம் சும்மா கிடந்தது. ஏழு வீட்டுக்காரர்கள் சேர்ந்து முள் வெட்டி, மண் கொத்தி, சங்குப்பூவும் பீட்ரூட்டும் போட்டோம். சங்குப்பூவில் முக்கிய கைக்குட்டை அன்றைக்கு அப்படியொரு நீலமாக இருந்தது. நாலு நாள் வெயில் பட்டதும் சாம்பல் பூத்துவிட்டது. பீட்ரூட் முதல் அலசலிலேயே போய்விட்டது. மஞ்சள்கூட வெயிலில் வெளுக்கும். சோப்பு பட்டால் சிவக்கும் என்பது சேலையில் குழம்பு சிந்திய எல்லோருக்கும் தெரியும்.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டே செடிகள்தான்: மஞ்சளுக்குச் செண்டுமல்லி, நீலத்துக்கு அவுரி. இரண்டும் நம் வெயிலுக்குப் பழகியவை, மூன்று நான்கு மாதத்தில் கைக்கு வந்துவிடும்.

முதலில் இடம்

நாள் முழுக்க வெயில் விழ வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. பக்கத்திலேயே குழாய் இருப்பது ரொம்ப முக்கியம், ஏனென்றால் செடிக்கு ஊற்றுவதைவிடத் துணி அலசத்தான் அதிகம் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் விடும் முறையைக் கிழமைவாரியாகப் பிரித்து எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். விளைந்த பூவையும் தழையையும் வீட்டுக்கு வீடு பங்கு போடாதீர்கள். அரை கிலோ தழையை வைத்துக்கொண்டு ஒரு வீடு ஒன்றும் செய்ய முடியாது. எல்லாம் ஒரே தொட்டியில் போகட்டும், ஆளுக்கு ஒரு துணி என்று கணக்கு வையுங்கள்.

விதைப்பு

மழைக்காலம் முடிந்து தை, மாசியில் தொடங்கினால் நிம்மதி. செண்டுமல்லியை நாற்று விட்டு, ஒரு மாதத்தில் ஒன்றரை அடி இடைவெளியில் நட வேண்டும். நட்ட ஒரு மாதம் கழித்து நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துப் பூ கூடும். வேறு பெரிய வேலை இல்லை.

அவுரி விதைக்குத் தோல் கெட்டி. மணலோடு சேர்த்துக் கையால் நன்றாகத் தேய்த்து, ஒரு இரவு ஊறப்போட்டு விதையுங்கள். பயறு வகையைச் சேர்ந்த செடி என்பதால் வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைத் தாங்களே பிடித்துக்கொள்ளும். யூரியா வேண்டாம், தொழுவுரம் போதும். சுமார் மூன்று மாதத்தில் பூ எடுக்கத் தொடங்கும்போது அறுக்க வேண்டும். திண்டிவனம் பக்கம் இன்றும் வயலில் அவுரி போட்டுத் தொட்டி கட்டி நீலம் எடுக்கிறார்கள், முடிந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

துணியைத் தயார் செய்வது

அவசரப்படுகிறவர்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். பருத்திக்குச் சாயத்தைப் பிடித்துவைக்கத் தெரியாது, நாம்தான் பழக்க வேண்டும். 200 கிராம் எடையுள்ள கஞ்சி இல்லாத பருத்தித் துண்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கரண்டி சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அலசுங்கள். தண்ணீர் டீ நிறத்தில் இறங்கும், பயப்பட வேண்டாம், அது பருத்தியில் இருந்த மெழுகும் அழுக்கும்தான். அப்புறம் நாட்டு மருந்துக்கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கி, 40 கிராமை வெந்நீரில் கரைத்து, துணியை ஒரு இரவு ஊறவையுங்கள். பிழிந்து, அலசாமல் நிழலில் காயப்போடுங்கள். மறுநாள் 30 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து இன்னொரு இரவு. சாயத்தைத் துணியோடு கட்டிப்போடுவது இந்தப் படிகாரம்தான், கடுக்காயின் துவர்ப்பு அதற்குப் பிடிமானம்.

இனிப் பூ. 400 கிராம் பூவை உதிர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி, துணியை உள்ளே விட்டு, தளதளவென்று கொதிக்காமல் இன்னொரு மணி நேரம் இளந்தீயில் வையுங்கள். அதிலேயே ஆறட்டும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. இரும்புச் சட்டி கூடவே கூடாது, கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுத்துவிடும். சாயத்துக்கு எடுத்த பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள். தோட்டத்துப் பூ போதவில்லை என்றால் கோயிலில் கழித்த மாலைகளைக் கேட்டு வாங்கலாம், நிறத்தில் குறை தெரியாது.

அவுரி நாள்

இந்த நாளுக்காகத்தான் தெருவே காத்திருக்கும். காலையில் அறுத்த தழையை டிரம்மில் அடுக்கி, கல் வைத்து அமுக்கி, முங்கும்வரை தண்ணீர் விடுங்கள். வெயில் காலத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் ஆனதும் அடிக்கடி பார்க்க வேண்டும். தண்ணீர் பச்சை கலந்த மஞ்சளாகும், மேலே செம்பு மினுக்கத்தோடு நீல ஏடு கட்டும். அதுதான் பதம். விட்டால் தழை அழுகி, நீலமும் கெடும்.

தழையை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, வாளியால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். காற்று படப்பட நுரை நீலமாகும். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று மாறி மாறி ஊற்றினோம், ஒரு மணி நேரம் ஆனது. நுரை அடங்கினால் நிறுத்தலாம். சுண்ணாம்பு கையையும் கண்ணையும் அரிக்கும், அதனால் கையுறை கட்டாயம், குழந்தைகள் தள்ளி நிற்கட்டும். மறுநாள் அடியில் நீலச் சேறு படிந்திருக்கும். மேல்தண்ணீரை இறுத்து, துணியில் வடிகட்டிக் காயவைத்தால் வில்லை. பத்து கிலோ தழைக்கு ஒரு கைப்பிடிகூட வராது. எடுத்த தழை நல்ல உரம், செண்டுமல்லிப் பாத்திக்கே போட்டுவிடுங்கள்.

இந்த நீலம் தண்ணீரில் கரையாது. தகரை விதையை வேகவைத்துச் சுண்ணாம்போடு சேர்த்துப் புளிக்கவைத்த தொட்டியில்தான் கரையும். அந்தத் தொட்டியில் முக்குவதற்குக் கடுக்காயும் படிகாரமும் வேண்டாம், சோடாவில் வேகவைத்த துணி போதும். வெளியே எடுக்கும்போது துணி பச்சையாக இருக்கும், கண் முன்னாலேயே நீலமாக மாறும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. தொட்டி போட இந்த வருஷம் துணிவில்லை என்றால், பச்சைத் தழையை உப்புப் போட்டுக் கசக்கி, அந்தச் சாறோடு பட்டுத் துணியைப் பத்து நிமிடம் பிசையுங்கள். கடல்பச்சை நிறம் வரும். பருத்தியில் இது சரியாக ஏறாது.

சிவப்பு வேண்டும் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். சோழமண்டலக் கரையின் அச்சுத்துணிகளை ஐரோப்பியக் கம்பெனிகள் கப்பல் கப்பலாக ஏற்றிப்போன காலத்தில் அந்தச் சிவப்பைத் தந்தது சாயவேர், இம்பூறல் என்றும் சொல்வார்கள். மணல் பாங்கான மூலை இருந்தால் தாராளமாக விதையுங்கள். விதை தூசு மாதிரி இருக்கும், வேரில் சாயம் ஏற இரண்டு வருஷம் பொறுக்க வேண்டும்.

அவுரியை அறுக்கும்போது அடியில் ஒரு சாண் விட்டு அறுங்கள், திரும்பத் தழைக்கும், இரண்டு மாதத்தில் இன்னொரு அறுப்பு கிடைக்கும். ஓரத்தில் நாலு செடியை மட்டும் தொடாமல் விட்டுவையுங்கள். காய் முற்றிக் கறுத்ததும் உருவினால் அடுத்த தைக்கு வேண்டிய விதை வந்துவிடும், பக்கத்துத் தெருவுக்குக் கொடுக்கவும் மிஞ்சும்.