வாட்டர்கலரில் வரைந்து கணினியில் கோப்போம்: முதல் ஸ்கார்ஃபை வடிவமைப்பது எப்படி?

ஒரு ஸ்கார்ஃபை முழுதாக விரித்துப் பார்ப்பது வாங்கும்போதும் இஸ்திரி போடும்போதும்தான். மற்ற நேரமெல்லாம் அது மடிந்து, சுருண்டு, முடிச்சோடு கழுத்தில் கிடக்கிறது. தாளில் வரைந்து பழகியவர்கள் துணிக்கு வடிவமைக்க வரும்போது இதைத்தான் முதலில் மறந்துவிடுகிறார்கள். சதுரத்தின் நடுவில் ஆசையாக ஒரு பெரிய பூவை வைப்பார்கள். கட்டிப் பார்த்தால் பூ மடிப்புக்குள் போயிருக்கும், வெளியே தெரிவது வெற்று மூலை.

அதனால் பிரஷ்ஷைத் தொடும் முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பழைய கைக்குட்டை ஒன்றைக் குறுக்கே முக்கோணமாக மடித்து, ஒரு பாட்டில் கழுத்தைச் சுற்றிக் கட்டுங்கள். வெளியே தெரியும் இடங்களில் எல்லாம் பேனாவால் புள்ளி வையுங்கள். பிரித்து விரித்தால் புள்ளிகள் எங்கே கூடியிருக்கின்றன என்று தெரியும். வேறு விதமாக மடித்தால் இடங்கள் கொஞ்சம் மாறும். ஆனாலும் மூலைகளும் ஓரப் பட்டையும் ஏறக்குறைய எல்லா மடிப்பிலும் வெளியே வரும். உங்கள் நல்ல வேலையெல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும்.

தாளில் வரைவது

300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வாட்டர்கலர் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட மெல்லிய தாள் ஈரத்தில் நெளியும், நெளிந்த தாளை ஸ்கேன் செய்தால் நிழல் விழும். ஹாட் பிரஸ் தாள் வழவழப்பாக இருப்பதால் பின்னால் சுத்தம் செய்வது சுலபம். கோல்ட் பிரஸ்ஸில் சொரசொரப்பு உண்டு. அல்ட்ராமரீன் நீலம் போன்ற நிறங்கள் அந்தக் குழிகளில் மணல் மணலாகப் படியும் அழகுக்காக நான் கோல்ட் பிரஸ்தான் எடுப்பேன்.

முழு ஸ்கார்ஃபையும் தாளில் வரைய வேண்டாம். இலை, மொட்டு, பூ, விதை, சின்னப் புள்ளிகள் என்று உறுப்புகளைத் தனித்தனியாக வரையுங்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் நடுவில் 2 செ.மீ. இடம் விடுங்கள். பெரியது மூன்று, நடுத்தரம் ஐந்து, சின்னது ஏழெட்டு இருந்தால் முதல் ஸ்கார்ஃபுக்குப் போதும். எல்லாவற்றையும் நான்கே வண்ணங்களைக் கலந்து வரைந்தால், அப்புறம் எப்படி அடுக்கினாலும் நிறம் ஒத்துப்போகும்.

ஒரு இலையை எடுத்துக்கொள்வோம். முதலில் வெறும் தண்ணீரால் இலை வடிவத்தை நிரப்புங்கள். தண்ணீர் மினுமினுப்பாக நிற்கும்போதே ஒரு ஓரத்தில் பச்சையைத் தொட்டு விடுங்கள். நிறம் தானாக ஓடிப் பரவி, ஈரம் முடியும் விளிம்பில் நின்றுவிடும். காய்ந்ததும் அங்கே ஒரு மெல்லிய அடர் கோடு இருக்கும். இன்னொரு இலையில் அந்த மினுமினுப்பு மங்கும் வரை காத்திருந்து, நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய், பூக்கோசு விளிம்பு மாதிரி ஒரு வெளிர் வட்டம் விரியும். இந்த விளிம்புக் கோட்டுக்கும் இந்த வட்டத்துக்கும்தான் இவ்வளவு மெனக்கெட்டுத் தாளில் வரைகிறோம். இனி செய்யும் ஒவ்வொரு வேலையிலும் அவை அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்டர்கலர் காய்ந்தால் ஒரு படி வெளிறும். துணிக்குப் போகும்போது இன்னும் கொஞ்சம் மங்கக்கூடும். எனவே கண்ணுக்குச் சரியாகப் படுவதைவிடச் சற்று அழுத்தமாகவே தீட்டுங்கள். என் முதல் ஸ்கார்ஃபில் மூடுபனி போல மெல்லிய சாம்பல் நீலத்தைப் பின்னணியில் ஓட விட்டிருந்தேன். தாளில் அது அவ்வளவு அழகு. துணியில் அந்த நீலம் இருந்த அடையாளமே இல்லை.

ஸ்கேன்

தாள் முழுக்கக் காய்ந்த பிறகு 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். 10 செ.மீ. இலை அப்போது சுமார் 2,360 பிக்சல் அகலம் வரும். துணி அச்சுக்குப் பொதுவாக 150 டிபிஐ போதும் என்பதால், அதே இலையைத் துணியில் 40 செ.மீ. வரை பெரிதாக்கலாம். ஸ்கேனரில் தானாக நிறம் திருத்தும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். வெளிர் வண்ணங்களை அழுக்கு என்று நினைத்து அது துடைத்துவிடும்.

வெட்டி எடுப்பது

பொறுமை வேண்டிய கட்டம் இது. ஃபோட்டோஷாப், அஃபினிட்டி, புரோகிரியேட், இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்று லேயர் (ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் படத் தளம்) உள்ள எந்த மென்பொருளும் சரி. முதலில் வெளிச்சத்தையும் இருட்டையும் சரிசெய்யும் லெவல்ஸ் (புரோகிரியேட்டில் கர்வ்ஸ்) திறந்து, வெள்ளைப் பக்கத்து முனையைத் தாளின் சாம்பல் மறையும் வரை மெதுவாக நகர்த்துங்கள். இலையின் மிக வெளிர்ந்த இடம் கரையத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மிச்சமிருக்கும் அழுக்கைக் கையால் துடைத்துக்கொள்ளலாம்.

பின்னணி வெள்ளையாகவே இருக்கப் போகிறது என்றால் லேயரை மல்டிப்ளையில் (வெள்ளை மறைந்து கீழே இருப்பது தெரியும் கலப்பு முறை) வைத்தால் வேலை முடிந்தது. நிறப் பின்னணி என்றால் ஒவ்வொரு உறுப்பையும் தேர்ந்தெடுத்து, சுற்றியிருப்பதை அழிக்காமல் மறைக்கும் மாஸ்க் போட வேண்டும். மாஸ்க் போட்டதும் அதற்குக் கீழே ஒரு கருப்பு லேயரை வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் கண்ணுக்கே படாத தாள் நூலிழை, கருப்பின் மேல் இலையைச் சுற்றி வெளிச்சமாகத் தெரியும். தேர்வை ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே சுருக்கினால் அது போய்விடும். அதற்கு மேல் சுருக்க வேண்டாம், விளிம்புக் கோடும் சேர்ந்து போய்விடும்.

கேன்வாஸும் அடுக்குவதும்

சதுர ஸ்கார்ஃபில் பரவலான அளவு 90 செ.மீ. ஓரம் மடித்துத் தைக்க நான்கு பக்கமும் 1 செ.மீ. சேர்த்தால் 92 செ.மீ. அதாவது 150 டிபிஐயில் 5,433 பிக்சல். டேப்லெட்டில் இவ்வளவு பெரிய கேன்வாஸ் திறந்தால், வைத்துக்கொள்ளக்கூடிய லேயர்களின் எண்ணிக்கை குறையும். பின்னணி, ஓரம், மூலை, உதிரி என்று நான்கு குழுக்களாக ஒன்றிணைத்துக்கொண்டே போங்கள்.

மூலையில் தொடங்குங்கள். பெரிய உறுப்பு ஒன்றை மூலைக்குச் சாய்வாக வைத்து, நடுத்தரமானவற்றை அதிலிருந்து இரு ஓரங்களிலும் ஓட விடுங்கள். ஒரு மூலை பிடித்துப்போனால் அதை நகலெடுத்து 90 டிகிரி திருப்பி அடுத்த மூலையில் வையுங்கள். கண்ணாடி பிம்பமாகப் புரட்ட வேண்டாம். வாட்டர்கலர் கறைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எதிரெதிராக நின்றால் இயந்திர வேலை என்பது உடனே தெரிந்துவிடும். திருப்பிய பிறகும் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு மூன்று இலைகளை மாற்றிவிடுங்கள். ஸ்கார்ஃபுக்கு மேல் கீழ் கிடையாது. எல்லாப் பூவும் ஒரே திசையில் நிமிர்ந்து நின்றால் பாதி மடிப்புகளில் தலைகீழாகத் தொங்கும்.

நடுப்பகுதி அமைதியாக இருக்கட்டும். சின்ன விதைகளும் புள்ளிகளும் போதும். அவற்றைக் கையால் சிதறவிடலாம், அல்லது பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒட்டுத் தெரியாமல் தொடரும் சின்னச் சதுர ரிப்பீட் ஒன்று செய்துகொள்ளலாம். ரிப்பீட் செய்தால் ஆஃப்செட் வசதியால் படத்தைப் பாதி அகலமும் பாதி உயரமும் நகர்த்துங்கள். விளிம்பில் இருந்த ஒட்டு நடுவுக்கு வந்துவிடும், அதன் மேல் ஓரிரு விதைகளை வைத்து மறையுங்கள். கிரிட்டாவில் W விசையை அழுத்தினால் படம் நாலாபுறமும் தொடர்ந்து தெரியும், ஒட்டைத் தேட வேண்டியதில்லை.

ஓரத்தில் ஒரே அடர் நிறத்தில் 2 செ.மீ. பட்டை ஓட்டுவது எனக்குப் பிடிக்கும். மடிப்புகளுக்கு நடுவே அந்த ஒரு கோடுதான் கண்ணை இழுத்துக்கொண்டு போகிறது. பட்டை தவிர வேறு எதுவும் வெட்டு விளிம்பிலிருந்து 2 செ.மீ.க்குள் வர வேண்டாம். தையல் அதைத் தின்றுவிடும்.

சோதனை

ஒரு மூலையை மட்டும் நிஜ அளவில் ஏ4 தாளில் அச்சிட்டுக் கழுத்தருகே வைத்துக் கண்ணாடியில் பாருங்கள். திரையில் பாந்தமாக இருந்த பூ, கழுத்தருகே தட்டு மாதிரி பெரிதாக இருக்கலாம். பிறகு முழு வடிவமைப்பையும் 20 செ.மீ. சதுரமாக அச்சிட்டு, முன்பு கைக்குட்டையை மடித்த மாதிரியே மடியுங்கள். எந்த மடிப்பிலாவது வெற்றிடம் மட்டும் தெரிந்தால் அங்கே ஒரு கொத்தை நகர்த்துங்கள்.

துணிக்கு அனுப்புவது

பாலியெஸ்டர் என்றால் சப்ளிமேஷன் (சூட்டில் சாயத்தை ஆவியாக்கித் துணியில் ஏற்றும் முறை), பருத்தி என்றால் ரியாக்டிவ் சாயம், பட்டு என்றால் ஆசிட் சாயம் என்பது வழக்கம். சாய்வரி நெசவான பட்டு ட்வில்லில் கோடுகள் கூர்மையாக விழும், நிறமும் ஆழமாக வரும். ஷிஃபான் மெல்லியது, பின்னால் இருப்பது தெரியும் என்பதால் வெளிர் வண்ணங்கள் அதில் இன்னும் கரையும். முதல் முயற்சிக்கு ட்வில் எடுங்கள்.

எந்த நிற ப்ரொஃபைல் (நிறங்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று கோப்பில் இருக்கும் குறிப்பு) வேண்டும் என்று அச்சகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். லேயர் உள்ள கோப்பைத் தனியாகச் சேமித்துவிட்டு, ஒன்றிணைத்த டிஃப் (TIFF) கோப்பை அனுப்புங்கள். முழு ஸ்கார்ஃபுக்கு ஆர்டர் கொடுக்கும் முன், ஒரு மூலையையும் நீங்கள் பயன்படுத்திய நிறங்களைச் சின்னச் சதுரங்களாகவும் வைத்து அதே துணியில் ஒரு மாதிரி அச்சு வாங்குங்கள். வந்ததும் ஜன்னலோரம் போய், பகல் வெளிச்சத்தில், நீங்கள் வரைந்த தாளின் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள். இலையின் விளிம்புக் கோடு துணியிலும் தெரிகிறதா? தெரிந்தால் ஆர்டர் கொடுங்கள். தெரியாவிட்டால் கோப்பைத் திறந்து, அடர்ந்த நிறங்களை மட்டும் கர்வ்ஸில் (வெளிச்சம், இருட்டை மாற்றும் வளைகோடு) இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக்கி, இன்னொரு மாதிரி கேளுங்கள்.