ரீல் ஓடுது, ஃபாலோயர் ஏறல: என் அனுபவம்

இன்ஸ்டாகிராமில் ஒரு சமையல் பக்கம். ரீல்ஸ் ஆயிரக்கணக்கில் ஓடும், ஃபாலோயர் எண்ணிக்கை மட்டும் அசையாது. பதிவிடும் நேரத்தை மாற்றினேன். ஹேஷ்டேக்கை முப்பதிலிருந்து ஐந்தாக்கினேன். எல்லோரும் போடும் பாட்டையும் போட்டேன். பத்து நாள் வீண்.

இன்ஸ்டாகிராமே காட்டும் புள்ளிவிவரமான இன்சைட்ஸில் ஒவ்வொரு பதிவாகத் திறந்தபோதுதான் பிடிபட்டது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் புதியவர்கள், ஆனால் பிறகு பார்க்க எடுத்துவைக்கும் ‘சேவ்’ ஒற்றை இலக்கம். அரிசி 4, உளுந்து 1 என்ற அளவுகளை வீடியோவின் அடியில் எழுதியிருந்தேன். எடிட்டிங் ஆப்பில் பளிச்சென்று இருக்கும்; போனில் கணக்குப் பெயரும் கேப்ஷனும் சரியாக அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்! இப்போது 1080க்கு 1920 ஃபிரேமில் அடியில் 400 பிக்சலும், பட்டன்கள் நிற்கும் வலது ஓரத்தில் 120 பிக்சலும் காலி.

வேலையையும் பிரித்துவிட்டேன். ரீலில் முதல் ஷாட்டிலேயே கல்லைவிட்டு எழும்பும் தோசை, மொத்தம் 20 நொடி, ஆரம்ப லோகோ கிடையாது. அளவெல்லாம் 1080க்கு 1350 கேரசலில், அதாவது ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் பல படப் பதிவில். ஒன்று கவனிக்கணும்: தள்ளிப் பார்க்காமல் போனவருக்கு அதே கேரசல் மறுபடி வரும்போது இரண்டாவது படத்திலிருந்து தொடங்கலாம். அதனால் அளவுப் பட்டியலைத் தலைப்போடு அங்கேதான் வைக்கிறேன்.

சேவ் அந்த வாரமே ஏறியது, ஃபாலோ மூன்றாவது வாரத்தில். அப்பாடா.