முதல் வீட்டு ஒப்பந்தம்: அனுமதி, காப்பீடு, கணக்கு

மேஸ்திரியாக இருந்து முதன்முறையாகப் பொருளும் கூலியும் சேர்த்து ஒரு வீட்டை ஒப்பந்தம் எடுப்பவர், சதுர அடிக்கு என்ன விலை சொல்வது என்பதிலேயே கவலை முழுவதையும் வைக்கிறார். அனுமதிக் கட்டணம், பிரீமியம், வரி ஆகியவை யார் பொறுப்பு என்று எழுதாமல் விட்டதுதான் பின்னர் நட்டமாக வந்து நிற்கிறது. தமிழ்நாட்டில் 1,200 சதுர அடி வீடு ஒன்றைச் சதுர அடி 2,400 ரூபாய் வீதம் 28,80,000 ரூபாய்க்குப் பேசியதாக வைத்துக்கொள்வோம்.

படி 1: அனுமதி. பத்திரத்திலும் பட்டாவிலும் உள்ள சர்வே எண்ணும் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, மனையை நீங்களே அளந்து கொள்ளுங்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுவதற்கு, 2024 ஜூலை முதல், விவரங்களுக்கு விண்ணப்பிப்பவரே பொறுப்பேற்கும் சுயசான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. விரைவாகக் கிடைப்பதால் விதி தளர்ந்துவிட்டது என்று பொருளல்ல. தவறான விவரம் தந்திருந்தால் அனுமதியே ரத்தாகலாம். வாஸ்துவுக்காகப் படிக்கட்டை நகர்த்தச் சொல்லாத உரிமையாளர் அரிது. அது மனையின் எல்லையை ஒட்டி விதிப்படி விடவேண்டிய பக்க இடைவெளியைத் தின்னுமானால், திருத்திய வரைபடம் வரும்வரை கடைக்கால் தோண்டாதீர்கள். வேலைக்கான மின்சாரத்துக்குத் தற்காலிக இணைப்பு தேவை என்பதையும் மறவாதீர்கள்.

படி 2: காப்பீடு. ஒப்பந்ததாரருக்கான அனைத்து இடர் பாலிசி, கட்டப்படும் வேலைக்கு ஏற்படும் திடீர்ச் சேதத்தையும், மூன்றாம் தரப்புப் பிரிவைச் சேர்த்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவருக்கு நேரும் சேதத்தையும் ஏற்கும். உங்கள் கொத்தனாரும் சித்தாளும் அதில் அடங்கமாட்டார்கள் என்பதால், பணியாளர் இழப்பீட்டுக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும். பிரீமியத்தைக் குறைக்க பாதி மதிப்பான 14,40,000 ரூபாய்க்கு மட்டும் காப்பீடு செய்தால், இழப்பீடும் அதே விகிதத்தில் குறைந்து, 2 லட்சம் ரூபாய் சேதத்துக்கும் ஏறத்தாழப் பாதியே கிடைக்கும். ஆகவே உரிமையாளர் வாங்கித் தரும் பொருளையும் சேர்த்து முழு மதிப்பைக் காட்டுங்கள். வேலை இழுத்தால் பாலிசி முடியும் முன்பே நீட்டித்துக்கொள்ளுங்கள்.

படி 3: வரி. தனி வீட்டுக்கான வெறும் கூலி ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பொருளும் சேர்ந்து, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவும் 18 சதவீத வரியும் வந்துவிடும். நம் வீட்டுக்கு அது 5,18,400 ரூபாய். ‘வரி தனி’ என்று எழுதாவிட்டால், பேசிய தொகைக்குள்ளேயே சுமார் 4,39,000 ரூபாய் வரியாகிவிடும். சிமெண்ட், கம்பி பில்களை உங்கள் ஜிஎஸ்டி பதிவு எண்ணில் வாங்கினால், அவற்றில் நீங்கள் கொடுத்த வரியை உள்ளீட்டு வரவாகக் காட்டி, கட்டவேண்டிய வரியில் ஒரு பகுதியைக் கழிக்கலாம். ஜிஎஸ்டி இல்லாத கச்சா பில்லில் மிச்சப்படுவதாகத் தோன்றுவது பெரும்பாலும் இங்கே போய்விடுகிறது.

படி 4: கணக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி நோட்டு, இயன்றால் தனி வங்கிக் கணக்கு. ஒரு வீட்டின் முன்பணத்தில் இன்னொரு வீட்டின் சனிக்கிழமைக் கூலியைக் கொடுக்கத் தொடங்கியவர், எந்த வேலையில் நட்டம் என்றே அறியமாட்டார். கம்பி, சிமெண்ட், சென்ட்ரிங் வாடகை, ஆள்கூலி எல்லாம் ஒரே வாரத்தில் குவிவது தளம் போடும்போதுதான். எனவே அந்தத் தவணையைக் கான்கிரீட் போட்ட பிறகு அல்ல, கம்பி கட்டத் தொடங்கும் முன்பே பெறும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கூடுதலாகக் கேட்கும் லாஃப்ட், மதில்சுவர் எதுவானாலும் அளவும் விலையும் குறித்து, உரிமையாளரின் கையெழுத்தைப் பெற்ற பிறகே செங்கல் இறக்குங்கள்.