வோல்ட்டிலிருந்து கட்டிலா ஆற்றல்: நான் சறுக்கிய இடம்

சூத்திரம் ஒரே வரிதான்: டெல்டா ஜி = –என் × எஃப் × ஈ. ‘டெல்டா ஜி’ கட்டிலா ஆற்றலின் மாற்றம், அதாவது வேலையாக மாறக்கூடிய ஆற்றல். ‘என்’ கைமாறும் எலக்ட்ரான் மோல்கள். ‘எஃப்’ ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம், 96,485 கூலோம். ‘ஈ’ மின்கல அழுத்தம்: கேத்தோடின் (எலக்ட்ரானை வாங்கும் முனை) வோல்ட்டிலிருந்து ஆனோடின் (எலக்ட்ரானை விடும் முனை) வோல்ட்டைக் கழித்தது. கேத்தோடு எது, ஆனோடு எது என்பது உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் துத்தநாகம்–செம்பு மின்கலம். அட்டவணையில் செம்புக்கு 0.34, துத்தநாகத்துக்கு –0.76 வோல்ட். ஈ = 0.34 – (–0.76) = 1.10 வோல்ட். எலக்ட்ரான் 2. ஆக, –2 × 96,485 × 1.10 = –212,267 ஜூல். ஆயிரத்தால் வகுத்தால் –212 கிலோஜூல். அவ்வளவுதான்.

அடுத்தது செம்பு–வெள்ளி. பினாங்கில் எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) படித்தபோது நான் விழுந்த பள்ளம் இது. செம்பு 2 எலக்ட்ரானை விடுகிறது. வெள்ளி அயனி ஒன்றைத்தான் வாங்கும். அதனால் வெள்ளிச் சமன்பாட்டை 2 ஆல் பெருக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்காமல் 0.80 வோல்ட்டையும் 1.60 ஆக்கி, ஈ 1.26, விடை –243 கிலோஜூல் என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுவிட்டேன்.

வோல்ட்டைப் பெருக்கியது ஏன் தப்பு? பினாங்கு சௌராஸ்தா சந்தையில் மீன் கிலோ 15 வெள்ளி என்று வையுங்கள். 2 கிலோ வாங்கினால் மொத்தம் 30 வெள்ளி. கிலோ விலை அதே 15தான். (நம்மூரில் காசும் வெள்ளி, உலோகமும் வெள்ளி. குழம்ப வேண்டாம்.) வோல்ட் என்பது கிலோ விலை மாதிரி, ஒரு கூலோமுக்கு இத்தனை ஜூல். எத்தனை கூலோம் என்ற கணக்கை ‘என்’ பார்த்துக்கொள்ளும். வோல்ட்டையும் பெருக்கினால் ஒரே மீனுக்கு இரண்டு முறை காசு கொடுத்த கதைதான்.

சரியான கணக்கு: ஈ = 0.80 – 0.34 = 0.46. –2 × 96,485 × 0.46 = –88,766 ஜூல், அதாவது –88.8 கிலோஜூல்.

கால்குலேட்டரில் 96,485ஐ ‘ஏ’ நினைவகத்தில் போட்டு வைத்துக்கொள்வது என் பழக்கம். போன் ஆப் எனக்குப் பிடிக்காது. தேர்வு அறைக்குள் அது நம்மோடு வராது. எதிர் எண்ணைக் கழிக்கும்போது அடைப்புக்குறி போட்டே அடியுங்கள்.

பின்சேர்க்கை: செம்பு–வெள்ளிக் கணக்கைப் போட்டுப் பார்த்த பட்டர்வர்த் தம்பி ஒருவர், “அண்ணே, எனக்கு –44.4 வருதே, தப்பா?” என்று கேட்டிருந்தார். தப்பில்லை. அவர் ஒரே ஒரு வெள்ளி அயனி, அரை செம்பு என்று சமன்பாடு எழுதியிருக்கிறார். அங்கே ‘என்’ 1. அவருக்கும் ஈ அதே 0.46 என்பதைக் கவனியுங்கள். தேர்வில் எந்தச் சமன்பாடு கொடுத்திருக்கிறார்களோ, ‘என்’ அதிலிருந்துதான் வர வேண்டும்.