திங்கட்கிழமை தொடங்கும் டயட் வியாழக்கிழமையோடு ஏன் நின்றுவிடுகிறது? ஆரம்பத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்ல சாப்பாட்டுப் பழக்கத்துக்கு மாறும் முடிவைப் பலர் ஞாயிற்றுக்கிழமை இரவில்தான் எடுக்கிறார்கள். நாளையிலிருந்து சர்க்கரை கிடையாது, பொரித்தது கிடையாது, வெளியில் சாப்பிடுவது கிடையாது, எட்டு மணிக்கு மேல் எதுவுமே கிடையாது. நானும் அப்படித்தான் தொடங்கினேன், பல முறை. வாரம் முடியும் முன்பே பழைய இடத்துக்கு வந்து நிற்பேன். எனக்கு மன உறுதி போதவில்லை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் கோளாறு தொடங்கிய விதத்தில் இருந்தது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் பார்ப்பதுதான் பெரிய தவறு. ஒரு பழக்கம் யோசிக்காமல் தானாக வருவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு சின்னப் பழக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள், மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம் சாப்பிடுவது மாதிரி. அதற்கே பொதுவாக 66 நாளை ஒட்டி ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று சொல்கிறார்களே, அதை நம்பி இருபத்திரண்டாம் நாள் மனம் உடைந்துபோக வேண்டாம். ஒரு பழத்துக்கே இரண்டு மாதம் என்றால், ஏழு தடைகளை ஒன்றாகப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? முதலில் ஒன்றை எடுங்கள். அதுவும் மிகவும் களைத்துப்போன நாளில்கூட உங்களால் செய்ய முடிகிற ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்தது பட்டினி. காலையில் ஒன்றும் சாப்பிடாமல், மதியம் அரை வயிற்றோடு எழுந்து, இன்று நன்றாகக் கட்டுப்படுத்திவிட்டோம் என்று நினைப்போம். மாலை வீட்டுக்கு வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல், சமையலறையில் நின்றபடியே பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்போம். இரண்டு போதும் என்றுதான் கை உள்ளே போகும். வெறும் உறை கையில் தட்டுப்படும்போதுதான் நிற்கும். இதைப் பேராசை என்று திட்டிக்கொள்ள வேண்டியதில்லை, உடம்பு தன் பாக்கியைக் கேட்கிறது, அவ்வளவுதான். 1945-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் பாதிச் சாப்பாடுதான் கொடுத்தார். அவர்களுடைய பேச்சும் நினைப்பும் சாப்பாட்டைச் சுற்றியே வர ஆரம்பித்தன, சமையல் புத்தகங்களை ஆசையாகப் படித்தவர்களும் உண்டு. அதனால் நேரத்துக்கு, வயிறு நிறையச் சாப்பிடுங்கள். பருப்பு, முட்டை, மீன் என்று புரதம் உள்ள ஏதாவது ஒன்றும், காய்கறியும் தட்டில் இருந்தால் மாலைப் பசி அவ்வளவு வெறியோடு வராது.

பாக்கெட்டின் முன்பக்கத்தை நம்புவது இன்னொரு தவறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ‘கொழுப்பு குறைவு’, ‘இயற்கையானது’ என்று முன்னால் பெரிய எழுத்தில் இருக்கும். திருப்பிப் பாருங்கள். பல நாடுகளில் பொருட்களின் பட்டியல் எடை வரிசையில்தான் இருக்கும், அதிகமாகச் சேர்த்தது முதலில் வரும். சர்க்கரை முதலிடத்தில் இல்லையே என்று நிம்மதி அடையும்போது, குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், மால்டோஸ் என்று அதே சர்க்கரை வேறு வேறு பெயர்களில் கீழே பிரிந்து கிடக்கலாம். அப்புறம் அளவு. கலோரிக் கணக்கு 30 கிராமுக்கு என்று போட்டிருக்கும், நாம் ஒரே மூச்சில் 90 கிராம் சாப்பிட்டிருப்போம். உப்பைப் பல லேபிள்களில் சோடியமாகத்தான் போடுகிறார்கள், அதை 2.5-ஆல் பெருக்க வேண்டும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சர்க்கரையை விட்டுவிட்டுத் தேனுக்கும் பழச்சாறுக்கும் மாறுவதால் பெரிய பலன் இல்லை. அதே நிறுவனம் இவற்றில் உள்ள சர்க்கரையையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. பழத்தை முழுதாகக் கடித்துச் சாப்பிடுங்கள்.

நார்ச்சத்து நல்லதுதான். ஆனால் நேற்று வரை காய்கறியைத் தொடாதவர் இன்று திடீரென்று கிண்ணம் கிண்ணமாகப் பச்சைக் காய்கறியும் பயறும் சாப்பிட்டால் வயிறு ஊதிக்கொள்ளும். ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரும் சேர்த்துக் குடியுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சாப்பாட்டைப் பெரிதாக மாற்றும் முன் மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும்.

தினமும் எடை பார்த்து மனம் தளர்வதும் வேண்டாம். முதல் வாரத்தில் சட்டென்று குறைவது பெரும்பாலும் நீர், அது திரும்பி வந்தால் நீங்கள் தோற்றுவிட்டதாக அர்த்தம் இல்லை. விருந்தில் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டால் மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள். ஒரு நாள் விட்டுப்போவது பழக்கம் படிவதைப் பெரிதாகக் கெடுப்பதில்லை என்பதையும் லாலியின் அந்த ஆய்விலேயே பார்த்தார்கள். அடுத்த வேளையை வழக்கம்போலச் சாப்பிட்டால் சரி.

கடைசியாக, என் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு. உற்சாகத்தில் பை நிறையக் காய்கறி வாங்கி அதில் அடைத்து வைப்பேன். ஐந்தாம் நாள் திறந்தால் கீரை கருத்து, கொழகொழவென்று கவரில் ஒட்டியிருக்கும். சமைக்கத் தெரியாமல் இல்லை, களைத்து வரும் வேளையில் கழுவி நறுக்கத் தெம்பு இருக்காது. இப்போது இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறேன். கேரட்டையும் வெள்ளரியையும் அன்றே கழுவி, நறுக்கி, மூடி போட்ட டப்பாவில் கண்ணுக்கு நேரான தட்டில் வைக்கிறேன். பிஸ்கட் டப்பா மேல் அலமாரிக்குப் போய்விட்டது, எடுக்க ஸ்டூல் போட வேண்டும். மாலையில் பசியோடு கதவைத் திறந்ததும் கைக்கு முதலில் கிடைப்பது கேரட்தான்.