குருவைத் தேடுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘குருவில்லா வித்தை கருவில்லா முட்டை’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஊரில் இருந்தவரை குலதெய்வம், கோயில் குருக்கள், வீட்டுப் பெரியவர்கள் என்று கேட்க ஆள் இருந்தது. பெங்களூரு வந்து ஒயிட்ஃபீல்டு பி.ஜி.யிலோ சர்ஜாபூர் ரோடு அடுக்குமாடியிலோ குடியேறியதும் அந்த இடம் காலியாகிவிடுகிறது. அதை நிரப்பும் அவசரத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

குரு கட்டாயம் வேண்டுமா? நம் மரபே இதற்கு ஒரே பதில் சொல்லவில்லை. மாணிக்கவாசகருக்குத் திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குரு வாய்த்தார், தாயுமானவருக்கு மௌனகுரு. 1896-இல் திருவண்ணாமலை வந்த ரமணருக்கோ மனித குரு யாரும் இல்லை. அருணாசலமே குரு என்றார். சீக்கியர்கள் 1708-இல் குரு கோவிந்த் சிங்கோடு மனித குரு வரிசையை முடித்துக்கொண்டு கிரந்தத்தையே குருவாக ஏற்றார்கள். அல்சூர் ஏரிக்கரை குருத்வாராவுக்குள் போனால் நடுநாயகமாக வீற்றிருப்பது ஒரு நூல்தான். எனவே முதலில் கேட்க வேண்டியது, எந்தக் காரியத்துக்காக குரு வேண்டும் என்பதை.

எல்லாவற்றையும் ஒருவரிடமே கேட்பது

குரு என்ற ஒரு சொல்லுக்குள் பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. தேவாரம் பண்ணோடு பாட ஓதுவார் வேண்டும். பிராணாயாமத்துக்கு, எதிரில் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கும் யோகா ஆசிரியர் வேண்டும். தீட்சை இவற்றிலிருந்து வேறு. சைவத்தில் சமய, விசேட, நிர்வாண தீட்சை என்று படிகள் உண்டு. வைணவத்தில் சமாச்ரயணம்: தோளில் சங்கு சக்கரப் பொறி, திருமண், தாச நாமம், மந்திர உபதேசம், திருவாராதன முறை என ஐந்து. ஆசாரியர் என்ன தருவார், நீங்கள் தினமும் என்ன செய்ய வேண்டும் என்பது இங்கே முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் ஆன்சைட் வாய்ப்பைப் பற்றியோ மகளின் வரனைப் பற்றியோ அவர் வாக்குச் சொல்ல வேண்டும் என்பது அந்த வரையறையில் கிடையாது. கேட்டால் அவரும் ஏதாவது சொல்லத்தான் செய்வார். அது பலிக்காதபோது மந்திரத்தின் மேலும் நம்பிக்கை போய்விடும். நல்ல ஆசிரியர்கள் வீணாகிப் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

நோய்க்கு ஞானம் தேடுவது

வேலை போனது, விவாகரத்து, பெற்றோர் மரணம். இந்த நாட்களில்தான் பலருக்கு குரு தேவைப்படுகிறார். ஆறுதல் தேடிப் போவதில் குற்றமில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் சரியான தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை, சாவைப் பற்றிய எண்ணம் வருகிறது என்றால் முதலில் போக வேண்டியது மருத்துவரிடம். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

கடும் மௌன முகாம்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பத்து நாள் விபாசனா முகாமில் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, ஒரு நாளில் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். இருதுருவ மனநோயோ மனச்சிதைவோ முன்பு இருந்தவர்களுக்குத் தூக்கம் குறைவதே நோயைத் திரும்பக் கிளப்பிவிடலாம். விண்ணப்பத்தில் மனநலம், மாத்திரை பற்றிய கேள்விகள் அதற்காகத்தான். இடம் கிடைக்காதோ என்று மறைத்து எழுதுபவர்கள் நிறையப் பேர். மறைக்காதீர்கள். யாராவது ‘மாத்திரையை நிறுத்து, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றால், அது சர்க்கரை மாத்திரையே ஆனாலும், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் நாளே முடிவெடுப்பது

ஞாயிறு காலை, அடுக்குமாடி கிளப் ஹவுஸில் ‘இலவச அறிமுக வகுப்பு’. பத்து மணிக்குத் தியானம், பதினொன்றரைக்கு ஒருவர் கண்கலங்க அனுபவம் சொல்வார், பன்னிரண்டு மணிக்கு கேசரி. பன்னிரண்டரைக்கு மேசைமேல் கியூ.ஆர். கோடு அட்டையும் அடுத்த நிலை வகுப்புக்கான படிவமும் வந்துவிடும். ‘இன்றைக்குச் சேர்ந்தால் சலுகை.’ மூச்சுப் பயிற்சி முடிந்து உடம்பு லேசாக இருக்கும் அந்த அரை மணி நேரத்தில் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது.

பிரசன்ன உபநிடதத்தில் ஆறு பேர் பிப்பலாத முனிவரிடம் கேள்விகளோடு வருகிறார்கள். அவர் சொல்வது: ஒரு வருடம் இங்கே தங்குங்கள், பிறகு கேளுங்கள், எங்களுக்குத் தெரிந்தால் சொல்கிறோம். ‘தெரிந்தால்’ என்ற அந்தச் சொல் உங்கள் சுவாமிஜியின் வாயிலிருந்து ஒருமுறையாவது வருகிறதா என்று பாருங்கள். அந்த ஒரு வருடத்தில் கவனிக்க வேண்டியவை வேறும் உண்டு. டிரைவரையும் சமையல்காரரையும் எப்படி நடத்துகிறார்? விலகிப் போனவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்? அப்படி விலகிய இரண்டு பேரிடமாவது பேசிவிடுங்கள். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். அவரைத் தட்டிக் கேட்க ஒரு மடமோ, பரம்பரையோ, அறங்காவலர் குழுவோ இருக்கிறதா? தனியறை, மூடிய கதவு, ‘வீட்டில் சொல்லாதே’ என்று வந்தால் ஒரு வருடமெல்லாம் தேவையில்லை, அன்றோடு முடித்துக்கொள்ளுங்கள்.

கணக்கில்லாமல் கொடுப்பது

தட்சிணை தப்பில்லை. நன்கொடைக்கு ரசீது கேட்பதும் மரியாதைக் குறைவில்லை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிவிலக்கு கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு நன்கொடை விலக்கே இல்லை, ஆகவே ‘எய்ட்டி-ஜி (நன்கொடை வரிவிலக்கு) உண்டு சார்’ என்ற பேச்சில் மயங்க வேண்டாம். விபாசனாவில் ஒரு முகாமையாவது முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை வாங்குகிறார்கள். முதலில் பயிற்சி, பிறகே நன்கொடை என்ற இந்த வரிசை மற்ற இடங்களுக்கும் நல்ல அளவுகோல்.

வீடு, மனை விஷயத்தில் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். பதிவு செய்து கொடுத்த தானப்பத்திரத்தை மனம் மாறியது என்பதற்காக ரத்து செய்ய முடியாது. ஏமாற்று, மிரட்டல், தகாத செல்வாக்கு என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கும். 1890-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம், மறுமைப் பலனுக்காகத் தன் குருவுக்குச் சொத்து எழுதிக்கொடுத்த ஒரு முதியவரின் பத்திரத்தைத் தகாத செல்வாக்கு என்ற காரணத்தால்தான் செல்லாது என்றது. அதற்காக அவர் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது.

யாருமே வேண்டாம் என்பது

இதற்கெல்லாம் பயந்து யூடியூபே போதும் என்று இருப்பவர்களும் உண்டு. நூலைப் படிக்க, ஜபம் செய்ய, கோயிலுக்குப் போக யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் கும்பகம் என்ற மூச்சடக்கல், மூச்சை வேகமாக வெளித்தள்ளும் கபாலபாதி இவற்றை வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மூச்சை அடக்குவது ஆகாது. கிளௌகோமா என்ற கண் அழுத்த நோய் இருந்தால் சிரசாசனமும் கூடாது. தலை கிறுகிறுத்தாலோ படபடத்தாலோ நிறுத்தச் சொல்ல எதிரில் ஓர் ஆள் வேண்டும். திங்கள் ஒருவர் முறை, செவ்வாய் இன்னொருவர் முறை என்று கலப்பதும் வீண். ஒன்றை ஆறு மாதமாவது பிடித்துப் பாருங்கள்.

விலகுவதென்று முடிவானால் நீண்ட விளக்கக் கடிதம் வேண்டாம், அது விவாதத்துக்குத்தான் வழி. கொடுத்த அசல் ஆவணம் ஏதும் இருந்தால் முதலில் திரும்ப வாங்குங்கள். பிறகு யூ.பி.ஐ. ஆட்டோபேயில் மாதச் சந்தாவை ரத்து செய்யுங்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறுவது கடைசியில்.